ஆறு சிட்டம் வெள்ளைக் கம்பளி

ஹிந்தி மொழியில் கம்பளி நூலுக்கு ‘ஊன்’ என்று பெயர். இந்தச் சிறு செய்தியை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. 1979-ஆம் ஆண்டு மார்கழியில், மணமாகி இரண்டு மாதங்கள்கூட நிறையாத நிலையில், கும்பகோணத்திலிருந்து டில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தேன். காலை பதினொரு மணிக்குமேல்தான் சூரியன் மூடுபனியை விலக்கிக்கொண்டு முகம் காட்டுவான். உடனே அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் கயிற்றுக் கட்டில்களைத் தூக்கிக்கொண்டு புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ‘ஊன்’ என்ற ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது! பள்ளியில் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தை நெட்டுருப் போட்டவள் அல்லவா? பட்டப்பகலில், வெயிலில் அமர்ந்து, இத்தனை பேர் இறைச்சியைப் பற்றி இவ்வளவு ஆர்வத்துடன் பேசுவார்களா என்று அஞ்சி, உள்ளே சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

மறுநாள் கதவைத் தட்டினார் அடுத்த வீட்டு அம்மையார். எல்லோரும் அவரைப் ‘பீஜி’ என்றே அழைத்தார்கள். பஞ்சாபிகள் தாயையும் பாட்டியையும் மரியாதையாக அழைக்கும் பெயர் அது. இன்று ஃபைசலாபாத் எனப்படும் லாயல்பூரிலிருந்து 1947-இல் உடுத்திய உடையுடன் வந்தவர். ஊரை விட்டு வந்தவளின் முகம் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். என் கையைப் பற்றி அழைத்துச் சென்று கட்டிலில் அமர்த்தினார். இரண்டு ஊசிகளையும் ஒரு நூலுருண்டையையும் மடியில் வைத்து, “ஊன்!” என்றார். அப்பொழுதுதான் எனக்கு உயிர் வந்தது.

நான் கற்ற முதல் ஹிந்திச் சொற்கள் பின்னற் சொற்களே. ஊசி நேராக நுழைந்து போடும் கண்ணி ‘சீதா’. சீதை வந்துவிட்டாள், இனி இராமன் வருவான் என்று எதிர்பார்த்தேன், வந்ததோ ‘உல்ட்டா’! அது புறம்திருப்பிப் போடும் கண்ணி. உலகத்திலுள்ள பின்னல் வேலைப்பாடுகளில் பெரும்பகுதி இவ்விரண்டின் சேர்க்கையே என்பதைப் பிற்பாடு உணர்ந்தேன். ஒரு சீதா, ஒரு உல்ட்டா என மாறி மாறிப் போட்டால் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் ஓரம் கிடைக்கும். இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் அதுவே பொருத்தம்.

முதலில் ஒரு மப்ளர் பின்னினேன். அதற்குக் கிடைத்த புகழ்ச்சியால் தலை கனத்து, என் கணவருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் தொடங்கினேன். அளவு பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. முடிந்தபின் அவர் அதை அணிந்து கண்ணாடி முன் நின்றார். அது முழங்காலைத் தொட்டது. “இது எனக்கா, ஊரிலுள்ள நெற்குதிருக்கா?” என்று கேட்டார்.

பீஜி சிரிக்கவில்லை. இருபது கண்ணி, இருபது வரிசையில் ஒரு சிறு துண்டு பின்னச் சொல்லி, அதை அளந்து பார்த்தார். “உன் கை தளர்ந்த கை, பத்தாம் எண் ஊசியை விட்டுப் பதினோராம் எண்ணை எடு” என்றார். இங்கே கடைகளில் வழங்கும் பழைய கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அன்று முதல் அளவுத் துண்டு பின்னாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி ஒரு மாத உழைப்பைப் பாழாக்குவது புத்திசாலித்தனமாகுமா?

குதிர் உறையைப் பிரிக்க நேர்ந்தபொழுது கண்ணில் நீர் வந்தது. பீஜிக்கோ அது நித்தியக் காரியம். பிரித்த நூலை நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடியில் தொங்கவிட்டார். உலர்ந்தபொழுது நெளிவுகள் நீங்கி, நூல் ஏறக்குறையப் புதியதாகிவிட்டது. என் மகன் நான்கு வயதில் அணிந்த அரக்குநிற ஸ்வெட்டரை இவ்வாறே ஏழு வயதிலும் பத்து வயதிலும் பிரித்துப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வண்ணக் கோடு சேரும். அந்தக் கோடுகளைப் பார்த்தே அவன் வளர்ந்த ஆண்டுகளைச் சொல்லிவிடலாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நூலோடு பழகியதில் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உருவாகியிருக்கின்றன. என் முதற் காதல் ஆட்டுக் கம்பளியே. அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. இழுத்தால் நீண்டு மீண்டும் தன் நிலைக்கு வரும். ஆகையால் என்னைப் போன்ற தளர்ந்த கைக்காரர்களின் குற்றங்களை அது மன்னித்துவிடும். மெரினோ ஆட்டின் மயிர் மிக நேர்த்தியானது, உடலை உறுத்தாது. நம் நீலகிரியிலும் மெல்லிய மயிருள்ள ஓர் ஆட்டினம் உண்டு. உள்ளூர் ஆடுகளை மெரினோ முதலிய அயல் இனங்களுடன் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவான அதனை, உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வருகின்றனர். கம்பளிக்கும் தமிழருக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு இதை நான் பெருமையுடன் சொல்வதுண்டு.

முயல் மயிராகிய அங்கோரா மிருதுவானது. ஆனால் பின்னுகிறவர் மூக்கிலெல்லாம் பறக்கும். பருத்தி நூல் குளிர்ச்சியானது; ஆனால் துவளும், மீளாது. காஷ்மிலான் என்று நம் இல்லங்களில் பெயர் பெற்ற அக்ரிலிக் நூலை இகழ மாட்டேன். விலை மலிவு, துவைப்பது எளிது, குழந்தைகளுக்கு ஏற்றது. ஆயினும் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் தொய்ந்துவிடும். பிறகு எந்த வைத்தியத்தாலும் எழாது. ஒரு கடையில் அசல் கம்பளி என்று நம்பி வாங்கி வந்தது அக்ரிலிக்காகப் போனதும் உண்டு. அன்று முதல் ஒரு நுனியைக் கொளுத்திப் பார்க்கிறேன். கம்பளி, முடி கருகும் வாடையுடன் எரிந்து, தீயை விலக்கினால் தானே அணைந்து, விரலிடையே பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக இறுகிவிடும்.

நூல் வாங்குவதில் இன்னொரு பாடமும் கற்றேன். ஒரே நிறமாயினும் ஒரு தொட்டிச் சாயத்துக்கும் மறு தொட்டிச் சாயத்துக்கும் நூலிழை வேறுபாடு உண்டு. உறையிலுள்ள சாய எண் ஒத்திருக்கவேண்டும். ஆகவே தேவைக்கு ஓர் உருண்டை கூடுதலாக வாங்கி வைப்போம். அந்தக் கூடுதல் உருண்டைகளே பெட்டியில் சேர்ந்து சேர்ந்து மலையாகின்றன! கரோல்பாகில் வாங்கியவை, லூதியானாவிலிருந்து பீஜியின் உறவினர் கொணர்ந்தவை, மிச்சம், மீதி என்று என் தகரப் பெட்டி இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. “இந்த வீட்டில் எனக்கு இருக்கும் இடத்தைக் காட்டிலும் உன் நூலுக்கு இருக்கும் இடம் அதிகம்” என்று என் கணவர் சொல்லும்பொழுது மறுக்க எனக்கு நா எழுந்ததில்லை.

பெட்டியிலிருந்தவற்றுள் மிக உயர்ந்தது பீஜி தந்தது. 1994-இல் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கி, ஊசி பிடிக்க இயலாமற் போயிற்று. ஒருநாள் ஆறு சிட்டம் வெள்ளைக் கம்பளியை என் மடியில் வைத்தார். குலுவுக்குச் சென்றிருந்தபொழுது வாங்கியது, கையால் நூற்றது, சாயம் ஏற்றாதது, பாலேட்டின் நிறம். “இனி என்னால் ஆகாது. நீ ஏதாவது பின்னிக்கொள்” என்றார்.

அத்தகைய நூலில் எதைப் பின்னுவது? சால்வையா? முழுக்கை ஸ்வெட்டரா? என் கைத்திறன் அதற்குப் போதுமா? இன்னும் சற்றுத் தேர்ச்சி பெற்றபின் தொடங்கலாம் என்று பழைய புடைவையில் சுற்றி அடிப்பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பீஜி கேட்பார்: “என் ஊனில் என்ன பின்னினாய்?” நான் ஒவ்வோர் ஆண்டும், “அடுத்த ஆண்டு, பீஜி” என்பேன். ஒரு முறை, “எனக்குக் கால் குளிர்கிறது, காலுறை பின்னித் தருகிறாயா?” என்று கேட்டார். பின்னித் தந்தேன், கடையில் வாங்கிய சாதாரண நூலில். காலுறைக்குப் போய் அந்த வெள்ளைக் கம்பளியைச் செலவிடுவதா என்று மனம் கணக்குப் போட்டது. அவர் அதை அணிந்துகொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

2001 மே மாதத்தில் பீஜி காலமானார். அவ்வாண்டு தீபாவளிக்கு முன் அடிப்பெட்டியைத் திறந்தேன். புடைவையைப் பிரித்ததும் மாவு போன்ற தூள் உதிர்ந்தது. சிட்டத்தைத் தூக்கினேன், கையோடு துண்டு துண்டாக வந்தது. அந்துப்பூச்சி! பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுவே தின்கிறது. இருளும் அசைவின்மையும் அதற்கு உகந்தவை. அள்ளி அள்ளிப் பயன்படுத்திய மலிவு நூல்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஏழு ஆண்டுகள் தொடாமற் காத்த நூலே அழிந்தது.

தரையில் அமர்ந்து அழுதேன். என் கணவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு தட்டை எடுத்து வந்து, நல்ல துண்டுகளைப் பொறுக்கி வைக்கத் தொடங்கினார். ஒரு சாண், ஒரு முழம், இரண்டு முழம் என்று தேறியவற்றை உதறி, வெயிலில் காயவைத்து, அலசினோம். எல்லாம் சேர்த்து ஒன்றரைச் சிட்டம் இருக்கும்.

பீஜி கற்றுக் கொடுத்த ஒரு வித்தை அப்பொழுது கைகொடுத்தது. கம்பளி மயிரின்மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வெந்நீரில் கசக்கித் துவைத்த ஸ்வெட்டர் சுருங்கிப் போவதும் இதனாலேயே. அதே குணத்தை நாம் நன்மைக்கும் பயன்படுத்தலாம். இரண்டு நுனிகளின் புரிகளைச் சற்றே பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, துளி நீர் தொட்டு, உள்ளங்கைகளுக்கிடையே சூடேறத் தேய்த்தால் முடிச்சின்றி ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக்கில் இது நடவாது. சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளியிலும் நடவாது. இரவு சமையல் முடிந்தபின் நாள்தோறும் தேய்த்தேன். ஒரு மாதத்தில் உள்ளங்கை சிவந்து போயிற்று; நூலும் ஓர் உருண்டையாயிற்று.

அந்த மார்கழியில் பீஜியின் பேரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒரு சிறு சட்டையும் குல்லாயும் பின்னி எடுத்துச் சென்றேன். பீஜியின் மருமகள் வாங்கித் தடவிப் பார்த்தாள். ஆங்காங்கே நூல் சற்றுத் தடித்திருப்பது விரலுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க மனமில்லாமல் நடந்ததைக் கூறினேன். அவள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். பிறகு, “பீஜிக்குத் தெரியும், அக்கா. ‘அந்த மதராஸிப் பெண் என் ஊனைப் பூட்டி வைத்திருக்கிறாள், தன் கையை நம்பமாட்டேன் என்கிறாள்’ என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி வருந்துவார்” என்றாள்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லே காதில் ஒலித்தது. நூல் போனது பெரிதன்று. வேறு நூல் வாங்கலாம். குளிர்ந்த அந்தக் கால்களுக்கு இனி யார் காலுறை பின்னுவது?

அதன்பின் என் பெட்டிக்குச் சில சட்டங்கள் விதித்திருக்கிறேன். ஆண்டுக்கு இரு முறை எல்லா நூலையும் வெயிலில் பரப்பி உதறுகிறேன். துவைக்காத கம்பளியை உள்ளே வைப்பதில்லை. வியர்வையும் அழுக்கும் பூச்சியை அழைக்கும். அந்துருண்டை போட்டாலும், உருண்டையை நம்பிக் கண்ணை மூடிவிடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மிக நல்ல நூல் எதுவோ அதையே முதலில் எடுக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் நாங்கள் டில்லியிலேயே தங்கிவிட்டோம். சென்னையிலிருக்கும் மகன், “அம்மா, சென்னையில் ஸ்வெட்டரை யார் போடுகிறார்கள்?” என்று சிரிப்பான். குளிர்சாதன அறையில் அமர்ந்து உத்தியோகம் பார்க்கும் அவனே சென்ற ஆண்டு, “கையில்லாதது ஒன்று அனுப்பு” என்று கேட்டான். அளவுத் துண்டு பின்னிப் பார்த்தே அனுப்பினேன். குதிரின் கதை அவனுக்கும் தெரியும்.

சகோதரிகளே! ஊரை விட்டு வந்த நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய ஒரு பெட்டி இருக்கும். அதில் நூல் இருக்கலாம். பட்டுப் புடைவை இருக்கலாம். நல்ல பாத்திரம் இருக்கலாம். குளிர் தொடங்குமுன் ஒரு நாள் அதைத் திறந்து பாருங்கள். என் பெட்டியை இவ்வாண்டு திறந்துவிட்டேன். மேலாக இருந்தது கருநீல மெரினோ, முந்நூறு கிராம். நம் குடியிருப்புக் காவற்காரருக்கு அதில் கையில்லாத ஸ்வெட்டர் தொடங்கி, இடுப்போரம் முடிந்து, உடற்பகுதி ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.