ஓட்டமும் சுழற்சியும்

நேரான சாலையில் மாட்டுவண்டி ஒன்று செல்கின்றது. அதன் கூண்டும், நுகத்தடியும், ஏற்றிய மூட்டைகளும் ஒரே நேரத்தில் ஒரே தொலைவைக் கடக்கின்றன. இவற்றுள் எதன் விரைவை அளந்தாலும் வண்டியின் விரைவு தெரிந்துவிடும். இதனை நேர்கோட்டு இயக்கம் என்பர். அவ்வண்டியைத் தாங்கும் சக்கரங்களோ, உடன் செல்வதோடு அச்சைச் சுற்றிச் சுழன்றவண்ணமும் உள்ளன. அச்சுழற்சியை அளக்க முழக்கோல் மட்டும் போதாது.

அச்சிலிருந்து நோக்கினால், குடத்தின் அருகேயுள்ள ஆணி சிறுவட்டம் இடுகின்றது. விளிம்பிலுள்ள இரும்புப் பட்டை பெருவட்டம் இடுகின்றது. ஆயினும் இரண்டும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில் முடிக்கின்றன. ஆகவே, எவ்வளவு தொலைவு சென்றது என வினவுதலை விடுத்து, எவ்வளவு கோணம் திரும்பியது என வினவுதல் வேண்டும். அதற்குரிய விடை சக்கரம் முழுமைக்கும் ஒன்றே. தொலைவு இருந்த இடத்தில் கோணம் வந்து அமர்கின்றது. திசைவேகத்திற்கு ஈடாகக் கோணத் திசைவேகமும், முடுக்கத்திற்கு ஈடாகக் கோண முடுக்கமும் அமைகின்றன. நிலவுலகமே இதற்குத் தக்க சான்றாகும். நிலநடுக்கோட்டில் நிற்பவர் உலகின் சுழற்சியால் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் விரைவில் கொண்டுசெல்லப்படுகின்றார். துருவத்தில் நிற்பவரோ நின்ற இடத்திலேயே திரும்புகின்றார். இருவர்க்கும் கோணத் திசைவேகம் ஒன்றுதான்!

விசையின் நிலையும் இத்தகையதே. கதவைக் கீலின் அருகே தள்ளுவோர் வருந்துவர். விளிம்பில் தள்ளுவோர் எளிதில் திறப்பர். விசையை, அச்சிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கிக் காண்பதே திருப்புவிசை.

இதுவரை ஒப்புமை எளிது. நிறைக்கு ஒப்பானது யாது என்னுமிடத்தில்தான் சுழற்சியின் தனித்தன்மை விளங்குகின்றது. நேரே செல்லும் பொருளை ஓட்டுதலும் நிறுத்துதலும் எத்துணை அரிது என்பதை அதன் நிறையே உரைத்துவிடும். சுழலும் பொருளிலோ, அந்நிறை எங்கே இருக்கின்றது என்பதையும் கேட்டாக வேண்டும். 1 கிலோகிராம் நிறையை அச்சிலிருந்து அரை மீட்டரில் வையாது 1 மீட்டரில் வைத்தால், சுழற்றுதற்கு உள்ள தடை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். இத்தடையின் அளவே நிலைமத் திருப்புத்திறன். சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதப் பேரறிஞர் ஆய்லர் 1765-இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பெயர் சூட்டினார்.

பெயர் பிறப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே இவ்வுண்மையைக் கையால் அறிந்திருந்தோர் குயவர். வேட்கோ என்று சங்க நூல் குறிப்பது இவரையே. மின்னாற்றலால் சுழலும் சக்கரங்கள் இன்று பெருகிவிட்டன. கோலால் சுழற்றும் பழைய திகிரியோ விளிம்பில் கனம் மிக்கது. காரணம் வெளிப்படை. பானை வனைய ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் வேண்டும். சக்கரத்தைச் சுழற்ற மூன்றாவது கை இல்லை. ஆதலின், விளிம்பருகேயுள்ள குழியில் கோலைச் செருகி வன்மையாகச் சுழற்றிய பின், கோலை எடுத்துவிடுவர். சக்கரம் இலேசாக இருப்பின் மண்ணில் கை அழுந்தியவுடனே ஓய்ந்துவிடும், பானை கோணும், குழைத்த மண்ணும் உழைத்த பொழுதும் வீணாகும். அதே நிறையை நடுவில் குவித்து வைத்தாலும் பயன் குறைவே. இத்தகைய கருவியைக் கல்லாதார் கருவி என்று எள்ளுவோர் அதனைச் சற்று நேரம் சுழற்றிப் பார்த்தல் நன்று.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியா என்னும் நூலில், தம் முதல் விதிக்கு எடுத்துக்காட்டாக, எறியப்பட்ட பொருளோடு பம்பரத்தையும் சேர்த்தே கூறினார். காற்றுத் தடுத்தாலன்றிப் பம்பரத்தின் சுழற்சி ஓயாது என்பது அவர் கருத்து. திகிரியை ஓயச் செய்வனவும் காற்றும், அடியிலுள்ள முளையின் உராய்வும், வனைவோர் கையின் அழுத்தமுமே. முளைக்கு எண்ணெய் இடுவது இதனால்தான். விரைவு தளருமுன் பானையின் வாயைத் திருத்தி, சக்கரம் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கையிலேயே அடியை நூலால் அறுத்து எடுத்துவிடுவர்.