அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு போத்தல்

2022 நவம்பர் கடைசியில் சித்தப்பா ஒரு ஹார்லிக்ஸ் போத்தலோடு வீட்டுக்கு வந்தார். நாளிதழில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே துவாலையும் சுற்றியிருந்தார். உள்ளே கரும்பச்சையில் ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் சம்சு வாடை அடுப்படி முழுக்க ஏறியது.

“டிங்சர்டா இது. நாக்குக்கு அடியில நாலு சொட்டு. அண்ணன் ராத்திரி தூங்குவாரு.”

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வயிற்றில் தொடங்கும் வலி முதுகுக்குப் போகும். ராத்திரியில் சோபாவில் முன்னால் குனிந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லாரி ஓட்டிய மனுசன். கால் விரலில் ஜாக்கி விழுந்தபோதுகூட ‘ஸ்ஸ்’ என்று மட்டும் சொன்னவர். இப்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று துவாலையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் சுங்கை பட்டாணியில் இருக்கிறோம். புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் தாய்லாந்து. அந்த வருடம் ஜூன் 9-ஆம் தேதி அங்கே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லைக்கு அப்பால் டானோக்கில் பச்சை இலை படம் போட்ட கடைகள் வந்தன. அங்கே மருந்தென்று கண்ணாடிச் சாடியில் விற்பது, குடிநுழைவு முகப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் வேறு பொருள்.

இங்கே 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். ‘கடத்தல்’ என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தை அன்று ராத்திரி கைப்பேசியில் படித்தேன். விற்பது வாங்குவது மட்டுமில்லை. தயாரிப்பது, வைத்திருப்பது, மறைப்பது, கொடுப்பது எல்லாமே அதற்குள் வருகிறது. சித்தப்பா தயாரித்துவிட்டார். அம்மா அதை அரிசி வாளிக்குப் பின்னால் மறைத்துவிட்டார். கொடுப்பது மட்டும்தான் பாக்கி. அது என் வேலை.

2018 ஆகஸ்டில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், கஞ்சா எண்ணெய் வைத்திருந்த 29 வயது இளைஞர் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நோயாளிகளுக்காக வைத்திருந்தேன் என்று அவர் சொன்னார். நாடு முழுக்கப் பேசப்பட்ட வழக்கு. அந்த முகம் எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் போத்தலில் 200 கிராம் இருக்காதுதான். ஆனால் பயம் தராசு வைத்துப் பார்ப்பதில்லை.

தூக்கம் வராமல் டிங்சர் என்ற சொல்லைத் தேடிப் போனேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸர் முட்டியில் தடவுவாரே, எரியுமே, அந்த டிங்சர்தான் பாட்டிக்கும் எனக்கும் தெரியும். மூலிகையையோ மருந்தையோ ஆல்கஹாலில் கரைத்தால் டிங்சர். கஞ்சாவின் பிசின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் ஓ’ஷாநெஸ்ஸி என்ற ஐரிஷ் மருத்துவர், உள்ளூர் ஆட்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, பிசினைச் சாராயத்தில் கரைத்து, வாதத்துக்கும் டெட்டனஸ் இழுப்புக்கும் கொடுத்து எழுதி வைத்தார். பிறகு அது பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே ஏறியது. 1932-இல் இறங்கியது. ஒரு போத்தலைப்போல் இன்னொரு போத்தல் இருக்காது, வீரியத்தை நம்பி அளவு சொல்ல முடியாது என்பது அதற்கு முக்கியமான காரணம். அதற்குள் ஊசியில் ஏற்றக்கூடிய மார்பின் வந்துவிட்டிருந்தது.

அதே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கள்ளுக்கும் பாங்குக்கும் அரசாங்கமே குத்தகை விட்டு வரி வாங்கியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நம்மாட்கள்தான். மலாய்க்காரர்கள் சொல்லும் ‘கஞ்சா’வும் இந்தியாவிலிருந்து போன சொல்தான்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் அந்தக் கடைசி விஷயம்: வீரியம். சித்தப்பா பூவை அப்படியே சம்சுவில் போட்டிருந்தார். பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சி ஆகாத அதன் அமில வடிவம். சூடுபட்டால்தான் அது மாறும். அப்படியானால் எங்கள் போத்தலில் இருந்தது வெறும் கசப்புச் சாராயமாகவும் இருக்கலாம், அப்பாவைத் தலைசுற்றி விழவைப்பதாகவும் இருக்கலாம். நாலு சொட்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“அங்க கடையில ஒருத்தன் சொன்னான்டா.”

போத்தல் பத்து நாள் அரிசி வாளிக்குப் பின்னாலேயே இருந்தது. அம்மா சோறாக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பார். நாய் குரைத்தால் மூவரும் பேச்சை நிறுத்துவோம். ஒரு ராத்திரி அப்பாவே கூப்பிட்டார்.

“ஐயா, அந்தப் போத்தலத் தூக்கிக் கொட்டிரு. என் தம்பிய உள்ள தள்ளிட்டு நான் போய்ச் சேர வேணாம்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அந்தக் கசப்பு மருந்துல கொஞ்சம் குடு.”

கசப்பு மருந்து என்றது ஆஸ்பத்திரியில் கொடுத்த மிஸ்ட் மார்பின். அதுவும் ஒரு போத்தல்தான். ஐஸ் பெட்டிக் கதவில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில், லேபிளோடு, சட்டப்படி நின்றது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சிரிஞ்சில் சொன்ன அளவில் பாதியை எடுத்துக் கொடுத்தேன். வழக்கமாக அவ்வளவுதான் கொடுப்போம். அதுவும் அவர் கேட்டால் மட்டும்.

காலையில் போத்தலைக் கழிவறையில் கொட்டி மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்து ஹோஸ்பிஸ் மிஸ்ஸி வந்தார். மலாய்க்காரப் பெண், அம்மா வயது. ஐஸ் பெட்டியைத் திறந்து மார்பின் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். திரும்பவும் போத்தலைப் பார்த்தார்.

“இது இந்நேரம் தீர்ந்திருக்கணுமே” என்று மலாயில் கேட்டார். யாரும் பேசவில்லை. பிறகு அம்மாதான் சொன்னார், போதை மருந்தில்லையா, பழகிடுவாரே என்று.

மிஸ்ஸி திட்டவில்லை. “தாக்குட் அப்பா?” என்று மட்டும் கேட்டார். என்ன பயம்? பிறகு உட்கார்ந்து விளக்கினார். வலிக்குச் சரியான அளவில் கொடுக்கும் மார்பினுக்கு நோயாளி அடிமையாவதைப் பற்றி இந்தக் கட்டத்தில் பயப்படத் தேவையில்லை. வலி ஏறியபின் துரத்தக்கூடாது, ஏறுவதற்குமுன் கொடுக்கணும். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து இருக்கு. குமட்டல் வந்தால் அதற்கும் இருக்கு. கேட்டால் தருவோம்.

கேட்டால். நாங்கள் எதையுமே கேட்கவில்லை. கஞ்சாவைப் பற்றி டாக்டரிடம் கேட்டால் போலீஸுக்குப் போகுமோ என்ற பயத்தில், வலி அடங்கவில்லை என்பதையே அழுத்திச் சொல்லாமல் விட்டோம். அடங்கவில்லை என்றால், வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்களே. ஒரு போத்தலை மறைக்கப் போய் அப்பாவின் வலியையும் சேர்த்து மறைத்துவிட்டோம்.

அன்றிலிருந்து கடிகாரத்தில் மணி வைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அப்பா கட்டிலில் படுத்து, ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். 2023 ஜனவரியில் போனார்.

அதே ஏப்ரலில் நாடாளுமன்றம் கட்டாயத் தூக்கை நீக்கியது. இப்போது நீதிபதி தூக்குக்குப் பதிலாக நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். தாய்லாந்தில் 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்ப மாற்றிவிட்டார்கள். கீமோவில் வரும் வாந்திக்குக் கஞ்சாவைச் சேர்ந்த மருந்துகள் உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. புற்றுநோய் வலிக்கு உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. சித்தப்பா கெட்டது எதுவும் நினைக்கவில்லை. எங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காத ஒரே ஆள் அவர்தான்.

போன தீபாவளிக்குச் சித்தப்பா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போனவர், அடுப்படியில் நின்று கேட்டார்.

“அந்தச் சொட்டு மருந்தக் குடுத்திருந்தா, அண்ணன் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பாரு இல்லடா?”

கசப்பு மருந்தைச் சரியாகக் கொடுத்திருந்தாலே தூங்கியிருப்பார் சித்தப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, “இருக்கலாம் சித்தப்பா” என்றேன். துவாலையை எடுத்துக் கொடுத்தேன்.