மலைக்காற்றுக்குத் திருகிய வண்டி

கொழும்பில் நன்றாக ஓடிய மோட்டார் சைக்கிள் ஹட்டனுக்கு ஏறி வந்ததும் கறுப்புப் புகை தள்ளும். தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் சின்னதுரைமாருக்கு, அதாவது உதவி மேலாளர்களுக்கு, இது விளங்காது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்; அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டரோ பெற்றோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. பிளக்கில் கரி படியும். ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் தடுமாறி நின்றுவிடும்.

டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சின்னதுரையிடம் இருந்தது 350 சிசி பி.எஸ்.ஏ., அமால் மோனோபிளாக் காபரேட்டர். அது ஐட்லிங்கில் நிற்கவே நிற்காது. நிறுத்திப் பேசும்போதும் அவர் முறுக்கிக்கொண்டே இருப்பார். அதனால் எந்த மலையில் நிற்கிறார் என்பது கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

பாக்டரியில் பிட்டராக இருந்த சித்தப்பாவிடம் ஒருநாள் வண்டி வந்தது. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புது ஜெட் கிடைக்காத காலம். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தண்ணீர் முத்துகள். மழைக்கால டேங்கில் இது வழக்கம். பைலட் துளையில் கம்பி விடமாட்டார், துளை அகன்றுவிடும் என்பார். பெற்றோலில் ஊறவைத்து வாயால் ஊதினார். ஓடும் இன்ஜினில் காபரேட்டர் பொருந்துமிடத்தில் ஒரு சொட்டு ஒயில் விட்டார், சத்தம் மாறியது. அங்கே காற்று உள்ளே போகிறது. யாரோ போல்ட்டை மிஞ்சி இறுக்கி முகப்பை வளைத்திருந்தார்கள். கண்ணாடித் துண்டின்மேல் எமரித்தாள் விரித்து அதைத் தேய்த்துச் சமப்படுத்தினார். பிறகு காற்றுத் திருகை வெளியே கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காதைச் சாய்த்தபடி. ‘டுப்... டுப்... டுப்...’ என்று வண்டி ஐட்லிங்கில் நிதானமாக நின்றது.

மறுநாளே புகார் வந்தது, துரையிடமிருந்து அல்ல. “எதுக்குண்ணே அதச் சரி பண்ணுனீங்க? இப்ப வர்றதே தெரிய மாட்டேங்குது!”

அந்தத் துரைமீதோ, அந்தச் சம்பளத்தின்மீதோ எனக்கு ஏக்கம் கிடையாது. 1973, 74இல் தொழிலாளர் லயங்களில் பட்டினி கிடந்ததை மறந்துவிட்டு யாரும் மலையை அழகு என்று எழுதலாம்; என்னால் ஆகாது. ஆனாலும் பனிக்குள்ளிருந்து வந்த அந்த ‘டுப் டுப்’ இன்னொருமுறை கேட்கவேண்டும்போல் இருக்கிறது. இப்போதைய வண்டிகள் காற்றழுத்தத்தைத் தாமே அளந்து பெற்றோலைத் தெளிக்கின்றன. எந்த ஊரிலும் ஒரே குரல்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கணக்கில் நாங்களும் ஒருநாள் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். திருச்சியில் ஒரு பட்டறையில் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகள் நிறைய வரும். ஐட்லிங் வைக்கச் சொன்னால், பழக்கத்தில் திருகை ஒரு கால் சுற்று கூடுதலாக வெளியே எடுத்துவிடுவார். பெற்றோல் போதாமல் வண்டி காபரேட்டர் வழியாகத் தும்மும். முதலாளி முறைப்பார். “இங்க காத்து கனமுங்க” என்று சொல்லிவிட்டுத் திருகை உள்ளே இறக்குவார்.