கல்லிற் கண்ட கடல்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மிக்ஜாம் புயல் மழையால் கோபாலபுரத்தில் யாம் குடியிருக்கும் தெருவிலே முழங்காலளவு நீர் நின்றது. நீர் வடிந்தபின், அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர், "தம்பிமாரே, காலநிலை என்றும் மாறிக்கொண்டுதானே வந்திருக்கிறது? இதற்கேன் இத்துணைக் கவலை?" என்றார். அன்று எம்மால் மறுமொழி கூற இயலவில்லை.

அவ்வினாவை நெஞ்சிற் சுமந்தே மறு ஆண்டில் அரியலூர்ப் பக்கம் சென்றோம். கடற்கரையினின்று பல காதம் உள்ளடங்கிய வறண்ட பூமி அது. காரை என்னும் சிற்றூரின் மண்மேடுகளிடையே, ஆட்டுக்கொம்பெனச் சுருண்டு கல்லாய்ச் சமைந்த ஓர் ஓட்டைக் கண்டோம். அம்மோனைட்டு என்னும் கடற்பிராணியின் ஓடு அது. அவ்வினம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகட்கு முன்னரே மாய்ந்தொழிந்தது. இப்பாறைகளை எச். எப். பிளான்போர்டு என்னும் அறிஞர் 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்துரைத்தனர். ஓட்டை இருந்தவிடத்திலேயே விட்டு மீண்டோம்.

அக்கடல் இங்குப் புகுந்ததற்கு நிலம் தாழ்ந்ததும் ஒரு காரணமே. ஆயினும் அந்நாளில் பூமி இன்றையினும் மிக வெப்பமுற்றிருந்தது. துருவங்களிற் பெரும்பனி இன்மையால் உலகெங்கும் கடல் உயர்ந்திருந்தது. இத்தகைய ஓடுகளே அதற்குச் சான்று பகரும். நீர் குளிர்ந்திருப்பின் ஓட்டில் கனத்த பிராணவாயு மிகும், வெம்மையுறின் குறையும். அவ்வளவைக் கொண்டு பண்டைக் கடலின் வெப்பத்தை அறிஞர் கணிக்கின்றனர்.

ஆதலின் பெரியவர் கூற்றிற் பாதி மெய்யே. மற்றைப் பாதியை அண்டார்க்டிகாவின் பனி உரைக்கின்றது. அதனுள் அடைபட்ட காற்றுக் குமிழிகளின்படி, கடந்த 8 இலட்சம் ஆண்டுகளில், தொழிற்சாலைகள் பெருகுமுன், கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 300 பங்கைக் கடந்ததில்லை. இன்றோ 420-ஐ மிஞ்சியுள்ளது. இவ்வேற்றம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, முந்நூறு ஆண்டுகட்குள் யாமே விளைத்தது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் தெருவையே நோக்கியிருந்து, "அரியலூர்க் கடல் வந்தபோது வீடு விட்டு ஓட ஒருவருமில்லை, இங்கே என் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே!" என்றார். மாறுதல் பழையது, அதன் விரைவும், அதற்குரிய பொறுப்பும் நம்முடையன. இதனை எமக்கு உணர்த்தியவர் அப்பெரியவரே.