தலைச்சோலையில் ஒரு 'தலை' ஆபரேஷன்

சேர்வராயன் மலையில் இரும்புக்கு முதல் எதிரி பனிமூட்டம். துடைத்து வைத்த ஸ்பேனர்கூட நாலு நாளில் பழுப்பேறிவிடும். இந்த ஊரில்தான் அப்பா முப்பது வருஷமாக லேத் பட்டறை நடத்துகிறார். ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். சொத்து அவ்வளவுதான்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். எங்கள் பிழைப்பும் அந்தக் காபியால்தான். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். கிடந்தால் புளித்துவிடும், விலை விழும். பல்ப்பர் ஷாஃப்டில் கீவே தேய்ந்துபோனால் தோட்டக்காரர்கள் அப்பாவிடம்தான் ஓடி வருவார்கள். இல்லையென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போகணும்.

போன செப்டம்பரில் மில்லிங் மெஷினின் ஹெட் ஊளையிட ஆரம்பித்தது. மோட்டார், பெல்ட், கியர், கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டில் எல்லாம் சேர்ந்ததுதான் ஹெட். கட்டர் போகும் இடமெல்லாம் அலை அலையாகக் கோடு விழுந்தது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம் கண்ணு. பட்டறையை மூடிட வேண்டியதுதான்" என்றார் அப்பா. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த நான் இருக்கும்போதா?

இந்த வகை மெஷினுக்குத் தாய்வீடு அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரம். ருடால்ஃப் பன்னோவும் மேக்னஸ் வால்ஸ்ட்ராமும் முதலில் தலையை மட்டும்தான் செய்தார்கள், மற்றவர்களின் மெஷின்களில் மாட்டுவதற்காக. முழு மெஷின் 1938-ல்தான் வந்தது. உடம்புக்கு முன்னால் தலை பிறந்த கதை! எங்களுடையது அதே அமைப்பில் நம் நாட்டில் செய்தது.

டேபிளில் சில்வர் ஓக் கட்டைகளை அடுக்கி, செயின் பிளாக்கில் ஹெட்டை இறக்கினோம். குவில்லை மேலே இழுக்கும் ஸ்பிரிங், பழைய கடிகாரத்தில் இருப்பதுபோல் சுருள் பட்டை. கையில் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிடி நழுவினால் விரல் போச்சு. உள்ளே கிரீஸ் கறுப்பு அல்வாவாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் பேரிங் ஓடுபாதையில் சின்னச் சின்னக் குழிகள். ஊளைக்குக் காரணம் அதுதான்.

ஸ்பிண்டில் பேரிங்கை ஜோடியாகத்தான் வாங்கணும். தனித்தனியாக மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது ஒற்றைச் செருப்பு வாங்குவது போல. எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கணும் என்பதிலும் கணக்கு உண்டு. சுத்தியலால் தட்டி ஏற்றவே கூடாது. நூறு வாட்ஸ் குண்டு பல்பின் மேல் வைத்துச் சூடாக்கினோம், வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கிரீஸையும் அள்ளித் திணிக்கக் கூடாது. அதிகமானால் சூடேறும்.

எல்லாம் பூட்டியபின்தான் பொறுமைக்குச் சோதனை. ஸ்பிண்டிலில் டயலை மாட்டி, கையால் சுற்றி, முள் டேபிளின் நாலு பக்கமும் ஒரே எண்ணைக் காட்டும்வரை ஹெட்டைச் சாய்த்துச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு போல்ட்டை இறுக்கினால் இன்னொரு பக்கம் நகரும். இரண்டு ராத்திரி போனது. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த அப்பா, முள்ளைப் பார்க்க முடியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, அரை மணிக்கொரு தரம் கையை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பு மட்டும்தான். ஊளை இல்லை.

நவம்பரில் முதல் ஷாஃப்ட் வந்தது. கீவே வெட்டி முடித்ததும் அப்பா நகத்தால் தடவிப் பார்த்தார். வழக்கமான கூலியைவிட ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்னார். தோட்டக்காரர் பேரம் பேசவில்லை.