நீர்த்துறையில் நாணம்

சாந்திபுரத்துக்குக் கடலும் இல்லை; சொல்லிக்கொள்ளத்தக்க அருவியும் இல்லை. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றும் கூடுகின்ற சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், கிணற்றையும் ஏரியையும் மழையையும் நம்பி வாழும் ஊர் இது. ரயில்வே எழுத்தர் பணியின் பொருட்டு இங்கே குடியேறிய எங்கள் குடும்பத்துக்கு, நீராடுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிப் புறப்படுவது ஒரு சிறு திருவிழாவே ஆகும்.

சென்ற மார்கழியில் அத்தகைய நாள் ஒன்று வாய்த்தது. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழும் எங்கள் தங்கை, கணவரோடும் மகனோடும் விடுமுறைக்கு வந்திருந்தாள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, விடியுமுன் குப்பத்தில் வண்டி ஏறினோம். ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி சேர்ந்து, அங்கிருந்து வடக்கே திரும்பிச் சித்தூர், பாகாலா, சந்திரகிரி ஆகிய நிலையங்களைக் கடந்து திருப்பதி செல்லும் பயணம் அது. கபில தீர்த்தத்தில் நீராடிக் கபிலேசுவரரைத் தொழுது திரும்புவது எங்கள் திட்டம்.

வண்டி காட்பாடியை நெருங்குகையில், எங்கள் தாயார், “கனடாவிலும் இப்படிக் குளிக்கப் போவதுண்டா, மாப்பிள்ளை?” என்று வினவினார். மாப்பிள்ளை சிரித்தார். தங்கையோ தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளே கதையைத் தொடங்கினாள்.

டொராண்டோ நகரின் எதிரே, ஒண்டாரியோ ஏரியில், தீவுகள் சில உள்ளன. படகில் ஏறினால் கால் மணி நேரத்தில் சேரலாம். அத்தீவுகளின் மேற்கு முனையில் ஹான்லன்ஸ் பாயிண்ட் என்னும் மணற்கரை இருக்கிறது. ஒரு கோடையில் புளியோதரையும் தயிர்ச்சோறும் எடுத்துக்கொண்டு, தன் மாமியாரோடு இவர்கள் அங்கே சென்றனர். மணலில் பாதி தூரம் நடந்தபின்னரே, ‘இதற்கு அப்பால் ஆடை அணிவது அவரவர் விருப்பம்’ என்று பொருள்படும் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. அப்பால் நோக்கினால், முதியோரும் இளையோரும் பிறந்தமேனியராய் வெயில் காய்ந்துகொண்டும் நீந்திக்கொண்டும் இருந்தனர்!

“அண்ணா, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையின் கண்ணைப் பொத்தினேன். திரும்பிவிடுவோம் என்றேன். ஆனால் அத்தைதான் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ‘இங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லையே, அம்மா! நாம்தான் பார்க்கிறோம்’ என்று சொன்னார்” என்றாள் தங்கை.

பலகைக்கு இப்பால், ஆடையுடுத்தோர் இருக்கும் பகுதியில் விரிப்பை விரித்து உணவருந்திவிட்டுத் திரும்பினராம். கரையெல்லாம் அத்தனை பேர் இருந்தும், கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தவர் ஒருவரையும் தாம் காணவில்லை என்று மாப்பிள்ளை கூறினார். அத்தகைய கரைகளில், ஒருவரைக் கேளாமல் படம் எடுப்பதும் உற்று நோக்குவதும் பெருந்தவறாகக் கருதப்படுகின்றன. அங்கே எழுதப்பட்ட விதி ஆடையைப் பற்றியது. எழுதப்படாத விதியோ கண்ணைப் பற்றியது.

அக்கரைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1894ஆம் ஆண்டிலேயே நகராட்சி அங்கே ஆடையின்றி நீராட இசைவளித்திருந்தது. 1930இல் அவ்விசைவு நீக்கப்பட்டது. 1999இல் ஓராண்டுச் சோதனையாக மீண்டும் அளிக்கப்பட்டு, 2002இல் நிலைபெற்றது.

நம் நாட்டில் அரசு ஒப்பிய இத்தகைய கடற்கரை ஒன்றும் இல்லை. பொது இடத்தில் பிறர்க்கு வெறுப்பூட்டும் ஆபாசச் செயல் புரிவோர்க்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 296ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை விதிக்கிறது. ஆயினும் இந்த எண்ணம் நம் மண்ணுக்கு முற்றிலும் புதியது என்பதற்கில்லை. 1853இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட முதற் பயணி ரயில் சென்று சேர்ந்த தாணா நகரை ரயில்வேக்காரர் எவரும் அறிவர். அதே தாணாவில் 1891ஆம் ஆண்டு, கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேய நீதிபதி ஆடை துறந்திருப்போர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். உறுப்பினர் மூவரே! அது நெடுநாள் நீடிக்கவில்லை. அதனினும் பழமையானது நம் அண்டையிலேயே உள்ளது. சிரவணபெளகொளக் குன்றின்மேல் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் ஆடையின்றி நிற்கும் கோமதீசுவரரின் திருவுருவத்தின்முன், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பங்கள் குழந்தைகளோடு நின்று கைகூப்பி வருகின்றன. அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை.

இவ்வாறு பேசிக்கொண்டே திருப்பதி அடைந்தோம்.

கபில தீர்த்தம் திருமலையின் அடிவாரத்தில் உள்ளது. செங்குத்தான பாறையிலிருந்து அருவி நேரே குளத்தில் விழுகிறது. கபில முனிவர் இங்கே சிவபெருமானை வழிபட்டார் என்பது புராணம். வைணவர் இதனை ஆழ்வார் தீர்த்தம் என்றும் வழங்குவர். கார்த்திகைப் பௌர்ணமியன்று மூவுலகத் தீர்த்தங்களும் இங்கே வந்து கலக்கின்றன என்னும் நம்பிக்கையால் அன்று பெருங்கூட்டம் கூடும். நாங்கள் சென்ற நாளில் அத்தனை கூட்டம் இல்லை. எனினும் பருவமழை ஓய்ந்த புதிதாதலால் அருவியில் நீர் நிறைந்திருந்தது.

எங்கள் நான்கு வயது மகன் அரைஞாண் ஒன்றே ஆடையாக நீரில் குதித்தான். நாங்களும் மாப்பிள்ளையும் இடுப்பில் துண்டோடு இறங்கினோம். தாயாரும் இல்லாளும் தங்கையும் உடுத்த புடவையோடே மூழ்கினர். பதினொரு வயது மகள் பாவாடை சட்டையோடு நீரில் நின்றாள். சற்றே எண்ணிப் பார்த்தால், நம் துறைகளிலும் ஆடை பாதி விருப்பம்தான் போலும்! ஆணுக்கும் குழந்தைக்கும் ஒரு நீதி. பெண்ணுக்கு வேறு நீதி.

அப்பொழுதுதான் அது நிகழ்ந்தது. எதிர்ப்படியில் அமர்ந்திருந்த இளைஞன் ஒருவன் அருவியைப் படம் எடுப்பவன்போலக் கைப்பேசியை ஏந்தியிருந்தான். ஆனால் அருவி மேலே இருந்தது. அவன் கைப்பேசியோ கீழே சாய்ந்திருந்தது. முதலில் அதைக் கண்டவள் எங்கள் மகளே. அவள் கழுத்தளவு நீரில் அமிழ்ந்துகொண்டாள். “எழுந்து வா, குளிர் பிடிக்கும்” என்று அழைத்தும் வரவில்லை. அவள் பார்வை சென்ற திசையை நோக்கிய பின்னரே எங்களுக்கு விளங்கிற்று.

உண்மையை மறைத்தெழுதுதல் தகாது. எங்கள் கால்கள் உடனே எழவில்லை. வெளியூர், பிறமொழி, பண்டிகை நாளில் வம்பு எதற்கு என்று உள்ளம் கணக்குப் பார்த்தது. அக்கணக்கு முடியுமுன், எங்கள் தாயார் ஈரப்புடவையோடு படியேறி அவன்முன் போய் நின்றுவிட்டார். சித்தூர்ச் சீமையில் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்து பழகிய தெலுங்கில், “நாயனா, ஆ ஃபோன் லோபல பெட்டு” என்றார். அதாவது, ‘அப்பா, அந்தப் போனை உள்ளே வை’ என்பதே. சினமில்லை, வசையில்லை. ஆனால் அவர் அங்கிருந்து அசையவும் இல்லை. அதற்குள் நாங்களும் மாப்பிள்ளையும் அருகே சென்றோம். இளைஞன் முகம் கறுத்தது. எடுத்த படங்களை எங்கள் கண்முன்பே அழித்துவிட்டு எழுந்து போனான்.

தங்கையும் இல்லாளும் ஒரு புடவையை இருபுறமும் பிடித்து மறைப்புக் கட்டிய பின்னரே மகள் கரையேறி உடை மாற்றிக்கொண்டாள். இறைவனைத் தொழுதோம், கட்டுச்சோறு உண்டோம். ஆயினும் காலையில் இருந்த கலகலப்பு மீளவில்லை.

திரும்பும் வண்டியில், சித்தூர் தாண்டியபின், மகள் கேட்டாள்: “அத்தை, அந்தத் தீவுக் கரையில் நான் குளித்திருந்தால் இப்படித் தண்ணீருக்குள் ஒளிந்திருக்க வேண்டாமா?”

தங்கை விடை கூறாமல் எங்களை நோக்கினாள். எங்களிடமும் விடை இல்லை. தாயார்தான் பேசினார்:

“எங்கள் ஊர் ஆற்றில் பெண்கள் துறை தனி, கண்ணு. அந்த வழியாக வருகிற ஆண்பிள்ளை தொலைவிலேயே கனைத்துக் குரல் கொடுப்பான். நாங்கள் சேலையைச் சரிசெய்வோம். அவன் தலையைக் குனிந்தபடி கடந்து போவான். ஒளிய வேண்டிய வேலை எங்களுக்கு இருந்ததில்லை.”

ஆடையைக் களைவோம் என்று கூற நாங்கள் வரவில்லை. நம் வழக்கம் நமக்கு. அவர் வழக்கம் அவர்க்கு. ஆனால், உடுத்த ஆடையோடு எங்கள் மகள் அடைந்த கூச்சத்தை, உடுத்தாத ஒருவர் அக்கரையில் அடையவில்லை என்பது எங்களைச் சுட்டது. நாணம் என்பதை முழுவதும் பெண்ணின் உடையிலே ஏற்றிவிட்டு, காண்பவன் கண்ணுக்கு உரிய பங்கை நாம் மறந்துவிட்டோம். குரல் கொடுத்துக் கடந்துபோன அந்தப் பழைய ஆண்பிள்ளையின் நாணமும் நம் மரபே அன்றோ?

இவ்விதழைப் படிக்கும் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் தலக்கோனா அருவிக்கும் கடற்கரைகளுக்கும் கூடிச் செல்வதுண்டு. அடுத்த முறை செல்கையில், நீர்த்துறையை அடைந்ததும் கைப்பேசிகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு, முதியவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவோம். ஆண்மக்களுக்கு நீச்சலோடு இதனையும் கற்பிப்போம். எங்கள் மகன் சிறுவன். இப்பொழுது அரைஞாணோடு திரிகிறான். இன்னும் பத்தாண்டில் அவன் படிக்கட்டில் அமரும்போது அவன் கண் எங்கே இருக்கும் என்பது, இன்று அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதைப் பொறுத்தது.