கோங்ஜின் பாட்டியின் பல்லும் ஸ்ரீரங்கம் பாட்டியின் சீடையும்

இரவு எட்டரை மணி. ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் ஒரு பழைய வீடு. கூடத்து ஊஞ்சலில் 78 வயதுப் பாட்டி. கீழே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பேத்தி, டி.வி-யில் ஓடும் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு என்னடி சொல்றா?"

"வேலை போயிடுத்தாம் பாட்டி. முதலாளி தேவையில்லாம வைத்தியம் பண்ணிக் காசு பிடுங்கறார்னு இவ தட்டிக் கேட்டுட்டா."

"நியாயமாத்தானே கேட்டிருக்கா!"

'ஹோம்டவுன் சா-சா-சா' என்ற கொரியன் சீரிஸ் அந்த வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் பேத்தி, 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று மூன்று மாதம் பாட்டியோடு தங்க வந்திருந்தாள். பாட்டிக்கு ஏழரை மணி மெகா தொடர், பேத்திக்கு எட்டரை மணி கொரியன் சீரிஸ் என்று ஒப்பந்தம். இரண்டாவது வாரமே பாட்டி தன் தொடரை மறந்துபோனார்.

2021 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கொரியாவின் டிவிஎன் சேனலில் ஒளிபரப்பாகி, நெட்ஃப்ளிக்ஸ் வழியே உலகம் சுற்றிய 16 எபிசோடு சீரிஸ் இது. 2004-ல் வந்த ஒரு கொரியப் படத்தின் மறு ஆக்கம். சியோலில் வேலையை இழந்த பல் டாக்டர் ஹே-ஜின் (ஷின் மின்-ஆ), கோங்ஜின் என்ற கற்பனைக் கடலோர ஊரில் கிளினிக் திறக்கிறாள். அந்த ஊரில் குழாய் ரிப்பேர் முதல் வீட்டு புரோக்கர் வேலை வரை சகலமும் பார்ப்பவன் ஹாங் டு-சிக் (கிம் சியோன்-ஹோ). எந்த வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி மட்டும்தான் வாங்குவான். இருவருக்கும் முதலில் மோதல், பிறகு காதல். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஆனால், இந்த சீரிஸில் ஹீரோ ஹீரோயினைவிட ஊர்தான் பெரிய பாத்திரம்!

"இது நம்ம வீதிதான்!"

இரண்டாவது எபிசோடில் ஒரு காட்சி. மைக் ஆனில் இருப்பது தெரியாமல், ஊர்க்காரர்களைப் பற்றி ஹே-ஜின் போனில் தோழியிடம் கிண்டலடிக்கிறாள். ஸ்பீக்கர் வழியே ஊரே கேட்கிறது. பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "இங்கே மைக்கே வேண்டாம். வடக்கு வாசல்ல தும்மினா தெற்கு வாசல்ல 'உடம்பு எப்படி இருக்கு'ன்னு கேப்பா."

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஊர் ஸ்ரீரங்கம். கோயிலைச் சுற்றி வீதிக்குள் வீதியாக வீடுகள். சுஜாதா 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் காட்டிய விசித்திர மனிதர்களின் சொந்தக்காரர்கள்தான் கோங்ஜின்வாசிகளும். ஒரே ஒரு ஹிட் பாட்டோடு காணாமல் போய், காபிக் கடை நடத்தும் முன்னாள் பாடகர். விவாகரத்தான பிறகும் ஒரே ஊரில் முறைத்துக்கொண்டு திரியும் தம்பதி. ஊர் வம்பை மொத்தக் குத்தகைக்கு எடுத்த ஓட்டல்கார அம்மா நம்-சூக்.

அந்த நம்-சூக், நோயில் மகளைப் பறிகொடுத்தவள் என்பதும், லாட்டரியில் விழுந்த பணத்தைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தவள் என்பதும் பின்னால்தான் தெரிகிறது. "வம்பு பேசறவாளை நான் இனிமே திட்ட மாட்டேம்மா" என்றார் பாட்டி. (மறுநாளே திட்டினார் என்பது வேறு விஷயம்!)

எல்லோருக்கும் இந்த சீரிஸ் பிடித்துவிடவில்லை. திருச்சி கல்லூரி ஒன்றில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஹீரோ மீதுதான் வருத்தம். "எல்லா வேலையும் தெரிஞ்சவன், எதுக்கும் ஆசைப்படாதவன்... நிஜத்துல ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம்" என்கிறாள். ரிட்டையர்டு பேங்க் மாமா ஒருவருக்குக் கடைசி எபிசோடுகளின் அழுகை ஒத்துவரவில்லை. "சிரிக்க வெச்சுண்டே இருந்தவா திடீர்னு கர்ச்சீப்பைக் குடுத்துட்டா. அதுக்கு நம்ம நாகா எடுத்த 'தலைவெட்டியான் பாளையம்' தேவலை. 2024-ல வந்தது, எட்டே எபிசோடு, அளவா நிறுத்திட்டார்" என்பது அவர் கட்சி.

நிறுத்தச் சொன்ன பாட்டி

கோங்ஜினில் கம்-ரி என்று ஒரு பாட்டி உண்டு. எண்பதைத் தாண்டிய கிம் யங்-ஓக் நடித்திருக்கிறார். பிடித்த கணவாய் மீனைக்கூட மெல்ல முடியாத அளவுக்குப் பல் மோசம். ஆனால், 'இம்பிளான்ட்' என்றதும் மறுத்துவிடுகிறார். வாழ வேண்டியதெல்லாம் வாழ்ந்தாச்சு, பிள்ளைக்கு எதற்குச் செலவு என்பது அவர் வாதம். டாக்டர் ஹே-ஜினுக்கோ கோபம் வருகிறது.

பேத்தி இதைச் சொல்லி முடித்ததும், "கொஞ்சம் நிறுத்து" என்றார் பாட்டி. ஊஞ்சலும் நின்றது.

"நானும் இதையேதாண்டி சொல்லிண்டிருக்கேன்."

இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து ஆறு வருடமாகிறது. வலது பக்கமும் ஆட்டம் கண்டு ஒரு வருடமாக வலி. ஸ்ரீஜயந்திக்கு டப்பா டப்பாவாகச் சீடை செய்து எல்லோருக்கும் அனுப்புகிறவர், "எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கறதில்லை" என்று சொல்லி ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டதன் காரணம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் மகன் தினமும் ஒன்பது மணிக்குப் போன் செய்வார். பதிலும் தினமும் ஒன்றுதான்: "நன்னா இருக்கேம்ப்பா."

அடுத்த வாரம் இருவரும் 1-ம் நம்பர் பஸ் ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோவில் தில்லை நகர் போனார்கள். அங்கிருந்த பெண் டாக்டரும் அதே சீரிஸைப் பார்த்தவர்! "அதுல எல்லாம் சட்டுனு முடிஞ்ச மாதிரி தெரியும்மா. இம்பிளான்ட்ங்கிறது தாடை எலும்புல ஸ்க்ரூ வைக்கிறது. எலும்பு பலமா இருக்கணும், சுகர் கன்ட்ரோல்ல இருக்கணும். வெச்ச ஸ்க்ரூ எலும்போட சேரவே சில மாசம் ஆகும்" என்றார். பாட்டிக்குச் சர்க்கரை அதிகம். அதனால் ஆடிய பல்லை எடுத்துவிட்டு, புண் ஆறியதும் கழற்றி மாட்டும் பல் செட் போதும் என்று முடிவானது. செலவும் பாட்டி பயந்த அளவுக்கு இல்லை.

பல் எடுத்த அன்று இரவு போன் வந்தது. பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னிக்கு ஒரு பல்லை எடுத்தாச்சுடா. ஒரு வருஷமா வலி. உன்கிட்ட சொல்லலை" என்றார். எதிர்முனையில் மகன் என்ன சொன்னாரோ, பாட்டி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறு சனிக்கிழமை காலை மகன் வாசலில் நின்றார்.

கடைசி எபிசோடுகளை மூன்று பேருமாகப் பார்த்தார்கள். கம்-ரி பாட்டி தூக்கத்திலேயே விடைபெறும் இடம் வந்தபோது, பேத்தி சப்டைட்டிலைப் படிக்கவில்லை. "புரிஞ்சுடுத்து, நீ சொல்ல வேண்டாம்" என்றார் பாட்டி. மகன் எழுந்து வந்து ஊஞ்சலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

இந்த ஸ்ரீஜயந்திக்கு முதல் சீடை பாட்டிக்குத்தான் என்று பேத்தி சொல்லிவிட்டாள். கடினமானது வேண்டாம் என்பது டாக்டர் உத்தரவு. அதனால் இடித்துப் பொடியாக்கி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு!

உங்கள் வீட்டுப் பாட்டி எதையெல்லாம் 'ஒத்துக்கலை' என்று ஒதுக்குகிறார்? இன்று இரவு ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.